ஏற ஊசி, இறங்கக் கவ்வல்: மாறுநிலை டூரிங் பைண்டிங் மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

பனிச்சறுக்கில் சரிவில் இறங்கும்போது, பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பைண்டிங் ஒருமுறை தானாகக் கழன்றுவிட்டால் போதும், பையிலிருந்து திருப்புளியை எடுத்து டின் எண்ணைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, சரியாகிவிட்டது என்று நினைத்துக் கிளம்பிவிடுகிறோம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். விழும்போது உங்கள் காலுக்கு எவ்வளவு முறுக்கு வரலாம் என்பதற்கான வரம்புதான் அந்த எண். வேறு எங்கோ இருக்கும் கோளாறை அதைக் கொண்டு மூடினால் கோளாறு அப்படியே கிடக்கும், வரம்பு மட்டும் ஏறிவிடும், அப்புறம் உண்மையாகவே கழல வேண்டிய நேரத்தில் பைண்டிங் கழலாது. முழங்கால் போவது அப்படித்தான். ஆல்ப்ஸ் பக்கம் சில குளிர்காலங்களாக எனக்கும் நண்பர்களுக்கும் பைண்டிங் பொருத்தி, கழற்றி, மறுபடி பொருத்தி வருவதில் நான் கற்றதை, என்ன தொந்தரவு தெரிகிறதோ அதை வைத்துத் தேடும்படி எழுதியிருக்கிறேன்.

எந்த வகையைப் பற்றிப் பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரியாவின் ஃபிரிட்ஸ் பார்தல் 1980களில் உருவாக்கிய ஊசிப் பிடியில், பூட்ஸின் மூக்கில் இருபுறமும் உள்ள சிறு உலோகக் குழிகளில் இரண்டு ஊசிகள் போய் உட்காரும், குதிகால் சும்மா எழும், ஸ்கீ பின்னால் வழுக்காதபடி அடியில் ஒட்டும் ஸ்கின் பட்டையை ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் ஏறலாம். ஆனால் இறங்கும்போது, இறங்குவதற்கு மட்டுமே ஆன ரிசார்ட் (ஆல்பைன்) பைண்டிங் தரும் மெத்தென்ற பிடியும் நம்பிக்கையான விடுவிப்பும் அதில் கிடைப்பதில்லை. இரண்டையும் ஒன்றாக்கியதுதான் மாறுநிலை பைண்டிங்: ஏறும்போது ஊசி, உச்சியில் ஒரு மாற்றம், இறங்கும்போது மூக்கையும் குதிகாலையும் கவ்விக்கொள்ளும் முழு ஆல்பைன் பிடி. 2018 குளிர்காலத்துக்குக் கடைக்கு வந்த சாலமன் ஷிஃப்ட்தான் இதில் அதிகம் பேருக்குத் தெரிந்தது, அட்டாமிக் பெயரிலும் அதே பைண்டிங் வருகிறது. 2020இல் வந்த மார்க்கர் டியூக் பி.டி.யில் (PT) ஆல்பைன் முன்துண்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஏறலாம். கேஸ்ட் ஃப்ரீடூரில் லுக் நிறுவனத்தின் பிவட் பின்துண்டு அப்படியே இருக்க, முன்துண்டை மட்டும் ஏற ஒன்று, இறங்க ஒன்று என்று மாற்றிப் போடவேண்டும். கீழே பெரும்பாலும் ஷிஃப்ட் வகையை மனத்தில் வைத்தே எழுதுகிறேன், மற்றவை வேறுபடும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

எந்தத் தொந்தரவானாலும் தேடும் வரிசை ஒன்றே. முதலில் பனிக்கட்டி, அடுத்து உயரமும் அழுத்தமும், அப்புறம் பூட்ஸ், அதற்குப் பிறகு திருகுகள், கடைசியில்தான் டின் எண்.

இறங்கும்போது காரணமே இல்லாமல் கழல்கிறது

விழவும் இல்லை, பெரிய மேடும் இல்லை, கெட்டிப் பனியில் ஒரு சின்னத் திருப்பம், அதில் மூக்கு விட்டுவிட்டது. அதிகம் பேர் சொல்வது இந்தத் தொந்தரவுதான், அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான்.

சுவிட்சர்லாந்தில் பிவியோ என்று ஒரு சிற்றூர், 1,769 மீட்டரில் இருக்கிறது, அங்கிருந்து ரொக்காபெல்லா என்ற 2,730 மீட்டர் உச்சிக்கு நல்லதொரு ஏற்றம் உண்டு. அங்கே என் மச்சானுக்கு முதல் திருப்பத்திலேயே வலது ஸ்கீ கழன்றது. மாட்டினான், மூன்றாவது திருப்பத்தில் மறுபடியும். கை உடனே திருப்புளிக்குப் போனது, நான் விடவில்லை. பைண்டிங்கைக் குனிந்து பார்த்தால், முன்துண்டுக்குப் பின்னால் பூட்ஸின் அடிப்பாகம் உட்காரும் சிறு தட்டின்மேல், ஒரு விரல் நகத்தின் அளவுக்குக் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி ஒட்டியிருந்தது. தட்டும் அதே நிறம் என்பதால் பார்வைக்குத் தெரியவில்லை, விரலால் தடவியபோதுதான் தெரிந்தது. பிளாஸ்டிக் சுரண்டியால் அதை எடுத்துவிட்டு, பூட்ஸின் அடியையும் சுரண்டிவிட்டு மாட்டினான், அதற்குப் பிறகு கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் முழுதாகச் சரியாகவும் இல்லை. மிச்சக் காரணம் வீட்டு மேசைமேல் தெரியவந்தது.

அந்தத் தட்டைக் கடைகளில் ஏஎஃப்டி என்பார்கள், நான் வழுக்குத் தட்டு என்று எழுதுகிறேன். விழும்போது கால் முறுகினால் பூட்ஸ் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போக இடம் கொடுப்பது அதன் வேலை. சாதாரண ஆல்பைன் பூட்ஸில் மூக்குப் பகுதியின் அடிமட்டத் தடிமன் 19 மில்லிமீட்டர் என்று ஐஎஸ்ஓ 5355 தரத்தில் நிலையாக இருக்கும். டூரிங் பூட்ஸுக்கான ஐஎஸ்ஓ 9523இல் அப்படி இல்லை, ரப்பர் அடி, வளைந்த மூக்கு, பூட்ஸுக்கு பூட்ஸ் வேறு உயரம். அதனால்தான் இந்தத் தட்டை ஏற்றி இறக்க ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். தட்டு தாழ்ந்து இருந்தால் பூட்ஸின் மூக்கு மேலும் கீழும் ஆடும், கெட்டிப் பனியின் அதிர்வில் கவ்வலிலிருந்து நழுவும். உயர்ந்து இருந்தால் பூட்ஸ் நெருக்கப்பட்டு, கழல வேண்டியபோது கழலாது. ஒரே திருகு, இரண்டு பக்கமும் ஆபத்து.

சோதிக்கும் முறை எளிது. பூட்ஸின் அடியை நன்றாகத் துடைத்து, பைண்டிங்கை இறங்கும் நிலைக்குக் கொண்டுவந்து, பூட்ஸை மூக்கும் குதிகாலும் கவ்வ முழுதாக மாட்டுங்கள். ஒரு கடை ரசீதை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, மாட்டுவதற்கு முன்பே வழுக்குத் தட்டின்மேல் போட்டிருக்கவேண்டும். இப்போது அதை இழுத்துப் பாருங்கள். கிழியாமல், ஆனால் கையில் ஒரு சின்ன இழுவை தெரியும்படி வெளியே வந்தால் உயரம் சரி. தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் தட்டு தாழ்வு, கிழிந்தால் உயரம் அதிகம். வலது, இடது இரண்டையும் தனித்தனியே பாருங்கள், ஒரே ஜோடி பூட்ஸிலும் அடி தேய்ந்திருப்பது காலுக்குக் கால் வேறுபடும். மச்சானின் வலது பைண்டிங்கில் ரசீது காற்றில் வருவதுபோல் வந்தது. பருவத்தின் ஆரம்பத்தில் நாங்களே சரிபார்த்த உயரம்தான், அதிர்வில் அந்தத் திருகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. இந்த வகை பைண்டிங்குகளில் இது நடக்கக்கூடியதே. ஆகவே பருவத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதாது, நாலைந்து நாள் ஓட்டத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

உயரம் சரி என்றால் அடுத்தது முன்தள்ளும் அழுத்தம். பின்துண்டு ஒரு தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும், உள்ளே ஒரு சுருள்வில் பூட்ஸை எப்போதும் மூக்கை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். ஸ்கீ வளையும்போது மூக்குக்கும் குதிகாலுக்கும் இடையிலான தூரம் மாறும், அந்த மாற்றத்தை இந்த வில்தான் வாங்கிக்கொள்கிறது. ஷிஃப்டில் பின்துண்டின் பின்பக்கம் ஒரு சிறு உலோகக் காட்டி இருக்கிறது. பூட்ஸ் மாட்டியிருக்கும் நிலையில் அது கூட்டின் விளிம்போடு சமமாக நிற்கவேண்டும், உள்ளேயும் போகக்கூடாது, வெளியே துருத்தவும் கூடாது. பூட்ஸ் மாட்டாமல் பார்த்துவிட்டு 'சரியாக இருக்கிறது' என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த அளவுக்கு எந்தப் பொருளும் இல்லை. திருகைச் சரிசெய்த பிறகு பூட்ஸைக் கழற்றி, மறுபடி மாட்டி, இன்னொரு முறை பாருங்கள், முதல் தடவை காட்டுவது பல நேரம் மாறிவிடும்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் கழல்கிறது என்றால் பூட்ஸைத் திருப்பிப் பாருங்கள். வாகன நிறுத்தத்தில், பாறையில், ரயில் நிலையத்துப் படிகளில் நடந்து நடந்து மூக்கின் விளிம்பு உருண்டு போயிருக்கும். முன்துண்டு கவ்வுவது அந்த விளிம்பைத்தான், அது போய்விட்டால் எந்தத் திருகாலும் ஈடுகட்ட முடியாது. சில மிக லேசான பூட்ஸ்களில் அந்த முன்விளிம்பையே வெட்டி எடுத்திருப்பார்கள், அவை ஊசிப் பிடிக்கு மட்டும்தான், மாறுநிலை பைண்டிங்குக்கு ஆகாது. மறுபுறம், உலோகக் குழி இல்லாத சாதாரண ஆல்பைன் பூட்ஸில் இறங்கலாம், ஏற முடியாது.

விழுந்தேன், ஆனால் கழலவில்லை

இதைச் சொன்னவர் அன்று காலோடு எழுந்து வந்தார் என்றால் அவருக்கு நல்ல காலம். அந்த ஸ்கீயில் இன்னொரு திருப்பம்கூட வேண்டாம்.

மூன்று இடம் பாருங்கள். வழுக்குத் தட்டு உயர்ந்திருக்கிறதா, ரசீதுச் சோதனையே சொல்லிவிடும். தட்டு உண்மையிலேயே வழுக்குகிறதா, அல்லது மண்ணும் தாரும் ஒட்டிக் கரடாக இருக்கிறதா என்று பாருங்கள், விரலால் பக்கவாட்டில் தள்ளினால் தெரியும். மூன்றாவது டின் எண், அதைப் போட்டது யார், எந்த பூட்ஸுக்கு என்பது முக்கியம்.

இந்த எண்ணை உடல் எடை, உயரம், வயது, ஓட்டும் பாணி, அதோடு பூட்ஸ் அடியின் நீளம் மில்லிமீட்டரில், இவ்வளவையும் வைத்து ஐஎஸ்ஓ 11088 அட்டவணையிலிருந்து எடுக்கிறார்கள். 50 வயதும் அதற்கு மேலும் என்றால் ஒரு படி குறைப்பார்கள். பூட்ஸ் நீளம் எதற்கு என்று பலர் கேட்பார்கள். கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளுவதற்கும் ஓரத்தில் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். நீளமான பூட்ஸில் மூக்கு அச்சிலிருந்து தூரத்தில் இருப்பதால், முன்துண்டில் அதே வில் விறைப்பு காலுக்கு அதிக முறுக்கைக் கொடுக்கும், ஆகவே எண் குறையவேண்டும். நண்பரிடம் வாங்கிய ஸ்கீ, பழைய பூட்ஸ் மாற்றிப் புதியது, அண்ணன் பூட்ஸ் தம்பிக்கு, இப்படி எது மாறினாலும் எண்ணை மறுபடி கணக்கிடவேண்டும். பூட்ஸ் நீளம் குதிகால் பக்கத்தில் சிறிய எழுத்தில் பொறித்திருக்கும், 297, 315 என்பதுபோல. காலணி அளவை வைத்து ஊகிக்காதீர்கள், ஒரே காலணி அளவில் கம்பெனிக்குக் கம்பெனி நீளம் மாறும்.

எண்ணைச் சரியாக வைத்தும் சந்தேகம் போகவில்லை என்றால் கடைக்குக் கொண்டுபோய் இயந்திரத்தில் முறுக்குச் சோதனை செய்யச் சொல்லுங்கள். பைண்டிங்மேல் எழுதியிருக்கும் எண் வில்லின் வாக்குறுதி மட்டும், அது எவ்வளவு முறுக்கில் விடுகிறது என்பதை அளந்து சொல்வது அந்த இயந்திரம்தான். மற்ற வேலைகளை வீட்டில் செய்தாலும் இந்த ஒன்றுக்கு மட்டும் நான் வருடம் ஒருமுறை கடைக்குப் போய்விடுகிறேன்.

குதிகால் மிதிக்கிறேன், 'கிளிக்' வரவில்லை

பெரும்பாலும் பூட்ஸின் அடியில் அமுங்கிய பனிதான் காரணம். கைத்தடியின் முனையால் சுரண்டுங்கள், பைண்டிங்கின் ஓரத்தில் பூட்ஸைத் தேய்க்கவும் செய்யலாம். அது இல்லை என்றால், கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் நிறுத்தும் பிரேக் இன்னும் ஏறும் நிலையிலேயே பூட்டப்பட்டிருக்கும். உச்சியில் காற்று அடிக்கும், கை விறைத்திருக்கும், முன்துண்டை மாற்றிவிட்டு பின்துண்டை மாற்ற மறந்துவிடுவோம். பிரேக் கீழே இறங்கி விறைப்பாக நிற்கிறதா என்று பார்த்த பிறகு மிதியுங்கள். குதிகாலைத் தூக்கி நிறுத்தும் ரைசரையும் மடித்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

இவை எதுவும் இல்லாமல், வீட்டில்கூட மிதிக்கக் கஷ்டமாக இருந்தால் முன்தள்ளும் அழுத்தம் அதிகம்.

முன்துண்டு மாறியதுபோல் இருக்கிறது, ஆனால் ஏதோ சரியில்லை

இது நுணுக்கமான தொந்தரவு. ஷிஃப்டில் ஏறும் நிலையிலிருந்து இறங்கும் நிலைக்கு வரும்போது ஊசிகள் மறைந்து, பக்கச் சிறகுகள் உள்ளே மடிந்து கவ்வும் வடிவத்துக்கு வரவேண்டும். நெம்புகோலுக்கு அடியிலும் சிறகுகளின் மூலையிலும் பனி அமுங்கியிருந்தால் ஒரு சிறகு கடைசி ஓரிரண்டு மில்லிமீட்டர் போகாமல் நின்றுவிடும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு முழங்காலை ஊன்றி, ஸ்கீயின் மட்டத்துக்கு முகத்தைக் கொண்டுபோய், இடமும் வலமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒத்திராவிட்டால் நெம்புகோலைத் திறந்து, குச்சியோ சாவியோ கொண்டு பனியைக் கெல்லி எடுத்து, மூன்று நான்கு முறை திறந்து மூடுங்கள். ஓங்கி அடிக்கவோ பூட்ஸால் உதைக்கவோ வேண்டாம், அந்த நெம்புகோல்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

டியூக் பி.டி.யிலும் கேஸ்டிலும் பிரச்சினையின் இடம் வேறு. அங்கே அடித்தகடும் கழற்றிய முன்துண்டும் சேரும் பொருத்துப் பள்ளத்தில் பனி சேரும். ஏறும்போது அந்தப் பள்ளம் திறந்தே கிடப்பதால் ஈரமான பனியில் நன்றாக உறைந்துவிடும். உச்சியில் முன்துண்டை வைப்பதற்கு முன் பள்ளத்தை விரலால் துடைத்து, வைத்த பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், துளியும் அசையக்கூடாது. கழற்றிய துண்டை ஜிப் உள்ள பையில் வையுங்கள். சரிவில் ஒன்று கையிலிருந்து நழுவிப் போய்விட்டால் அன்றைய இறக்கம் ஒற்றை ஸ்கீயில்தான்.

பனிக்கட்டித் தொந்தரவில் பாதிக்குக் காரணம் கார். சூடான காருக்குள்ளிருந்து எடுத்த ஸ்கீயை உடனே பனியில் வைத்தால், ஒட்டிய பனி உருகி, உருகியது இண்டு இடுக்கில் புகுந்து உறைந்துவிடும். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக ஸ்கீயை வெளியே எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, அப்புறம் பூட்ஸ் மாட்டுவது, தேநீர் குடிப்பது எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏறும்போது ஊசியிலிருந்து கால் கழல்கிறது

பூட்ஸின் குழிக்குள் பனி. குழி மிகச் சிறியது, அதில் ஒரு கடுகளவு பனிக்கட்டி இருந்தாலும் ஊசி முழுதாக உள்ளே போகாது, பத்து அடி நடப்பீர்கள், பதினோராவது அடியில் பக்கவாட்டுச் சரிவில் விட்டுவிடும். ஊசியில் மாட்டியதும் பூட்டுவதற்கு முன் குதிகாலை நாலைந்து முறை தூக்கி இறக்குங்கள், சுழலும் ஊசியே குழிக்குள் இருப்பதைத் தோண்டி எடுத்துவிடும். அதற்குப் பிறகு நெம்புகோலைப் பூட்டுங்கள். வழக்கமாகப் போகும் இடம் வரைக்கும் நெம்புகோல் போகவில்லை என்றால், அல்லது வழக்கத்தைவிட மேலே போகிறது என்றால், ஊசி சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். அந்தக் கோணத்தை வீட்டில் காய்ந்த பூட்ஸோடு ஒருமுறை பார்த்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழியின் உலோக விளிம்பு தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் பூட்ஸுக்கு வயதாகிவிட்டது.

ஏறும்போது பிரேக் விழுந்து பனியில் இழுக்கிறது

எரிச்சலான விஷயம், அதுவும் ஓர் அடி விட்டு ஓர் அடி 'தட் தட்' என்று இடித்துக்கொண்டே வரும். பிரேக்கைக் கீழே அழுத்திப் பூட்டும் நெம்புகோல் முழுதாகப் போய் உட்கார்ந்திருக்காது, காரணம் பெரும்பாலும் பிரேக் மிதியடிக்குக் கீழே சேர்ந்த பனி. ஸ்கீயைத் தலைகீழாகத் தட்டி, அடியிலிருந்து கெல்லி எடுத்து, கையாலேயே அழுத்திப் பூட்டுங்கள், பூட்ஸால் மிதித்துப் பூட்டினால் உட்கார்ந்ததா என்பது தெரியாது. பிரேக் கைகள் ஸ்கீயின் ஓரத்தில் உரசுகின்றனவா என்றும் பாருங்கள். ஸ்கீயின் இடுப்பு, அதாவது நடுப்பகுதியின் அகலம், 98 மில்லிமீட்டர் என்றால் 100 பிரேக் எடுக்கலாம், 90 எடுத்துவிட்டு வளைத்துச் சமாளிப்பவர்களுக்குத்தான் இந்தத் தொந்தரவு அதிகம்.

மலையில் தீர்வு ஒன்றுமே பலிக்கவில்லை என்றால் ரப்பர் ஸ்ட்ராப்பால் பிரேக்கைக் கட்டிவிட்டு ஏறுங்கள். ஆனால் உச்சியில் அதை அவிழ்க்க மறந்தால், கழன்ற ஸ்கீ பள்ளத்தாக்கு வரை போகும், வழியில் ஆள் இருந்தால் அவர்மேல் பாயும். ஸ்ட்ராப்பைக் கட்டியதும் அதே வேகத்தில் உடன் வருபவரிடம் சொல்லிவிடுங்கள், இருவரில் ஒருவருக்காவது நினைவிருக்கும்.

முன்துண்டே ஆடுகிறது, திருகு சும்மா சுற்றுகிறது

இனி வருவதெல்லாம் பொருத்தும் மேசையில் நடந்த தவறுகள். முன்துண்டைக் கையால் பிடித்து உலுக்கினால் ஸ்கீயின் மேல்தோலுக்கும் அடித்தகட்டுக்கும் இடையே ஒரு மயிரிழை திறந்து மூடுவது தெரிந்தால், ஒரு திருகாவது பிடி விட்டிருக்கிறது. இதில் பயணம் தொடரக்கூடாது.

சரியான திருப்புளி போசிட்ரிவ் 3. பார்வைக்கு ஃபிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் ஃபிலிப்ஸ் முனை வழுக்கித் தலையைத் தின்றுவிடும். இறுக்கிப் பாருங்கள். இறுகி நின்றால், கழற்றித் துளைக்குள் ஒரு சொட்டு பைண்டிங் பசை விட்டு மறுபடி கையால் இறுக்குங்கள், மின்சார டிரைவர் வேண்டாம். நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் துளையின் மரை போய்விட்டது. கழற்றி, உள்ளே ஈரம் இருந்தால் ஓரிரு நாள் சூடான அறையில் காய வைத்து, எஃகுக் கம்பளியின் சில இழைகளை எபாக்ஸியில் தோய்த்து நிரப்பி, திருகைப் போட்டு, ஒரு நாள் முழுதும் தொடாமல் விடுங்கள். கனமானவர்களுக்கும், அந்தத் துளை ஏற்கெனவே ஒருமுறை பழுது பார்த்தது என்றாலும், எஃகு மரைச் சுருள் போடுவது நம்பகமானது, அது கடை வேலை. எபாக்ஸி போட்ட திருகு பின்னாளில் கழலவில்லை என்றால், சூடான சால்டரிங் அயனின் முனையைத் திருகின் தலையில் ஒரு நிமிடம் வையுங்கள், எபாக்ஸி இளகிவிடும்.

மரை போனதற்குக் காரணம் பெரும்பாலும் தவறான டிரில் பிட். ஸ்கீயின் மேல்புறத்தில் பைண்டிங் இடத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், உலோகத் தகடு இல்லாத ஸ்கீக்கு 3.6 x 9.5, உலோகத் தகடு உள்ளதற்கு 4.1 x 9.5. முதல் எண் விட்டம், இரண்டாவது ஆழம், இரண்டும் மில்லிமீட்டரில். ஆழத் தடுப்பு உள்ள அதற்கான பிட்டையே வாங்குங்கள். சாதாரண பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்வது மரப்பலகைக்குச் சரி, இங்கே டேப் ஒரு மில்லிமீட்டர் நழுவினால் ஸ்கீயின் அடித்தளம் கொப்பளித்துக்கொண்டு வந்துவிடும். உலோகத் தகடு இருந்தால் துளைக்குப் பிறகு மரை வெட்டும் டேப்பையும் ஓட்டவேண்டும், இல்லாவிட்டால் திருகு தகட்டை மேலே தூக்கிவிடும். திருகுகளைத் துளையில் போடுவதற்கு முன் பைண்டிங்கில் போட்டு, அடியில் எவ்வளவு நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று அளந்துபாருங்கள், முன்துண்டின் திருகும் பின்துண்டின் திருகும் ஒரே நீளமாக இருக்கவேண்டும் என்பதில்லை.

துளைபோட்டதும் ஓரத்தில் பிளாஸ்டிக் எரிமலை வாய்போல் எழும்பி நிற்கும். அதைக் கூரான கத்தியால் மட்டமாகச் சீவாமல் பைண்டிங்கை வைத்தால் தகடு அந்த மேட்டின்மேல் உட்காரும், முதல் நாள் கெட்டியாக இருக்கும், பத்து நாளில் ஆட ஆரம்பிக்கும்.

ஊசியில் மாட்டினால் குதிகால் ஒரு பக்கமாக இறங்குகிறது

முன்துண்டு கோணலாக உட்கார்ந்திருக்கிறது. முன்துண்டில் அரை மில்லிமீட்டர் சாய்வு குதிகாலில் பல மில்லிமீட்டராகத் தெரியும். துளையிடும் இடங்களைக் காட்டும் காகித அச்சை ஒட்டும்போது ஸ்கீயின் நடுக்கோட்டை ஒரே இடத்தில் அளந்து நம்பியதுதான் காரணம். நாலைந்து இடத்தில் அகலத்தை அளந்து, பாதியைக் குறித்து, எல்லாப் புள்ளியும் ஒரே கோட்டில் விழுகிறதா என்று பார்த்த பிறகே அச்சை ஒட்டுங்கள்.

நான் எட்டுத் துளையையும் ஒரே மூச்சில் போடுவதில்லை. முன்துண்டை மட்டும் பொருத்தி, ஊசியில் பூட்ஸை மாட்டி, குதிகாலை மெதுவாக இறக்கிப் பார்ப்பேன். நடுக்கோட்டில் இறங்கினால், பின்துண்டை அதன் தண்டவாளத்தின் நடுப்பகுதியில் நிறுத்தி, பூட்ஸ் நீளத்துக்கு அச்சு சொல்லும் இடத்தில் குறித்துத் துளைபோடுவேன். நடுவில் நிறுத்துவதால், நாளை பூட்ஸ் மாற்றினாலும் இரண்டு பக்கமும் நகர இடம் இருக்கும்.

ஏற்கெனவே எட்டும் போட்டுவிட்டீர்கள், கோணலாகிவிட்டது என்றால் கழற்றி, பழைய துளைகளைப் பிளாஸ்டிக் முளையும் பசையும் கொண்டு அடைத்து, பூட்ஸின் நடுக்குறியை முன்னோ பின்னோ நகர்த்திப் புதிதாகப் போடவேண்டியதுதான். பழைய துளையின் நடுவிலிருந்து புதியதன் நடு ஒரு சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். அவ்வளவு இடம் விட முடியாவிட்டால் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

வழுக்குத் தட்டின் உயரம் மறுபடி மறுபடி இறங்குகிறது

திருகைப் பிடித்து வைக்கும் திரவப் பசையை ஊற்றிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம், அந்தப் பசைகளில் சில வகை பிளாஸ்டிக்கை விரிசல் விடச் செய்யும், பைண்டிங்கின் பாதி உடம்பு பிளாஸ்டிக். அதேபோல் கிரீஸைக் கரைக்கும் ஸ்ப்ரேயையும் அழுத்த நீரையும் பைண்டிங்மேல் அடிக்காதீர்கள், உள்ளே தொழிற்சாலையில் வைத்த கிரீஸ் போய்விடும். காரின் கூரைமேல் கட்டிக்கொண்டு வந்தால் சாலை உப்பு படியும், அதற்கு வெறும் தண்ணீரில் ஒரு துணி போதும்.

நான் செய்வது வேறு. ரசீதுச் சோதனையில் உயரம் சரி என்று தெரிந்ததும், பெயின்ட் பேனாவால் திருகின் தலையிலிருந்து அதைச் சுற்றியுள்ள கூடு வரை ஒரே மெல்லிய கோடு இழுத்துவிடுவேன். திருகு நகர்ந்தால் கோடு முறிந்து தெரியும், மலையில் குனிந்து பார்த்தாலே போதும், ரசீது தேவையில்லை. மச்சானின் இரண்டு பைண்டிங்கிலும் இப்போது வெள்ளைக் கோடு இருக்கிறது. போன பருவத்தில் வலது பக்கக் கோடு இரண்டு முறை விலகியது, இரண்டு முறையும் ஸ்கின் உரிக்கும் இடத்திலேயே பார்த்துத் திருப்பிவைத்தான். டின் எண்ணை அவன் தொடவில்லை, அவன் எடைக்கும் பூட்ஸுக்கும் கடையில் வைத்துக் கொடுத்த அதே எண்தான் இன்னும் இருக்கிறது.